சிசேரியனுக்குப் பிறகு 42 நாள்கள்... தாய்க்கு என்ன நடக்கும், வீடு என்ன செய்ய வேண்டும்? - ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒரு வழிகாட்டி

"ஆபரேஷன்தானே... வலி தெரியாம பெத்துட்ட!"

பிரசவ வார்டுக்குப் பார்க்க வரும் உறவுகளில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் போவதில்லை. சிசேரியன் முடிந்து, புரண்டு படுக்கக்கூட முடியாமல், எங்கே தும்மல் வந்துவிடுமோ என்று பயந்தபடி படுத்திருக்கும் பெண்ணுக்கு, தையலைவிட அந்த வார்த்தைதான் அதிகமாக வலிக்கும்.

சிசேரியன், சுலபமான பிரசவம் அல்ல. தோல், கொழுப்பு, தசையை மூடியிருக்கும் உறை, வயிற்றறைச் சவ்வு, கர்ப்பப்பை என்று அடுக்கடுக்காகத் திறந்து, குழந்தையை எடுத்த பிறகு மீண்டும் தைத்து மூடும் பெரிய அறுவை சிகிச்சை. ஹெர்னியா ஆபரேஷன் செய்துகொண்டு வந்த ஆணை ஒரு மாதம் எதையும் தூக்கவிடாமல் பார்த்துக்கொள்ளும் அதே வீடு, சிசேரியன் ஆன பெண்ணிடம் பத்தாம் நாளே குடத்தைக் கொடுக்கிறது. கூடவே, இரவெல்லாம் எழுந்து பால் கொடுக்கும் பொறுப்பும் அவளுக்கு இருக்கிறது.

வெளித்தையல் ஏழு முதல் பத்து நாள்களில் ஒட்டிவிடும். ஆனால், உள்ளே இருக்கும் அடுக்குகள் உறுதிபெற ஆறு வாரங்கள் தேவை. இந்த 42 நாள்களில் உடம்பில் என்ன நடக்கும், எதெல்லாம் இயல்பு, எது ஆபத்து, வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று பார்க்கலாம்.

இரண்டில் ஒன்றுக்கு அருகில்!

2019-21-ம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவிகிதம் சிசேரியன். அதற்கு முந்தைய ஆய்வில் இது 34.1 சதவிகிதமாக இருந்தது. மாநிலங்களில் தெலங்கானாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8 சதவிகிதம், அரசு மருத்துவமனைகளில் 36 சதவிகிதம். இந்தியாவின் மொத்த சராசரி 21.5 சதவிகிதம்.

இவ்வளவு சிசேரியன் தேவையா என்பது பெரிய விவாதம். ஆனால், குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்தபோதோ, நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருந்தபோதோ, ரத்த அழுத்தம் எகிறியபோதோ செய்யப்படும் சிசேரியன் இரண்டு உயிர்களைக் காப்பாற்றுகிறது. ஆபரேஷன் முடிந்துவிட்ட பெண்ணிடம், 'கொஞ்சம் வலி பொறுத்திருந்தா நார்மலா ஆயிருக்கும்' என்று சொல்வதில் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

வடசென்னைக்கு இதில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. ராயபுரத்தில் இருக்கும் அரசு ராஜா சர் ராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனை 1880-ல் தொடங்கப்பட்டது. சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே சத்திரம் கட்டிய அதே வள்ளல் சவளை ராமசாமி முதலியாரின் பெயரைத் தாங்கி நிற்கும் இந்த மருத்துவமனை, இன்று ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியுடன் இணைந்து இயங்குகிறது. முழுப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் யோசிப்பார், 'ஆர்.எஸ்.ஆர்.எம்.' என்றால் போதும். காசிமேட்டு மீனவக் குடும்பங்கள், துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதி மக்கள் எனத் தலைமுறை தலைமுறையாக 'நான் ஆர்.எஸ்.ஆர்.எம்-ல பொறந்தேன்' என்று சொல்லும் ஊர் இது.

மருத்துவமனையில் இருக்கும் நாள்களில் பார்த்துக்கொள்ள டாக்டர், நர்ஸ் எல்லோரும் உண்டு. சிக்கல் தொடங்குவது டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகுதான்.

முதல் 24 மணி நேரம்

பெரும்பாலான சிசேரியன்கள் முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டே செய்யப்படுகின்றன. ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்துக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருக்கும். உடம்பு நடுங்கலாம், அரிப்பு எடுக்கலாம், குமட்டலாம். இவையெல்லாம் மருந்தின் விளைவுகள், தானாகவே அடங்கும். சிறுநீர் போவதற்குப் போட்டிருக்கும் டியூபைப் பொதுவாக 12 முதல் 24 மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள்.

மரத்துப்போன உணர்வு விலகும்போதுதான் உண்மையான வலி தெரியவரும். வலி மாத்திரை சாப்பிட்டால் பாலில் கலந்து குழந்தைக்குப் போய்விடும் என்று பல பெண்கள் பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள். அது தேவையில்லை. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குப் பாதுகாப்பான மருந்தைத்தான் டாக்டர்கள் தருகிறார்கள். வலி உச்சத்துக்குப் போன பிறகு மாத்திரையைத் தேடாமல், சொன்ன நேரத்துக்குப் போட்டுக்கொண்டால் எழுந்து நடக்கவும் பால் கொடுக்கவும் முடியும்.

இன்னொரு வலி பற்றிப் பலருக்கும் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. அது கேஸ் வலி. குடல் தன் வேலையை மறுபடியும் தொடங்கும்வரை வயிறு உப்பி, சிலருக்குத் தோள்பட்டை வரைக்கும் குத்தும். நடக்க நடக்கத்தான் இது குறையும்.

நார்மல் டெலிவரிபோலவே சிசேரியனிலும் ரத்தப்போக்கு இருக்கும். 'ஆபரேஷன்லதான் எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டாங்களே' என்று நினைக்க வேண்டாம். முதலில் சிவப்பாக, பிறகு பழுப்பாக, கடைசியில் வெளிர் மஞ்சளாக மாறி ஆறு வாரங்கள் வரை இருக்கலாம். பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிப்பதும் இயல்பு. கர்ப்பப்பை சுருங்கி பழைய அளவுக்குத் திரும்புவதற்கான அடையாளம் அது.

எழுந்து நடக்கச் சொல்வது ஏன்?

ஆபரேஷன் முடிந்து அரை நாள், ஒரு நாளுக்குள் நர்ஸ் வந்து, "எழுந்திரும்மா, நட" என்பார். கூட இருக்கும் அம்மாவுக்கோ மாமியாருக்கோ கோபம் வரும். 'பச்ச உடம்புக்காரிய நடக்கச் சொல்றாங்களே' என்று.

அந்த நடைக்குப் பின்னால் பெரிய காரணம் இருக்கிறது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் பெண்ணின் ரத்தம் எளிதில் உறையும் தன்மையுடன் இருக்கும். பிரசவத்தின்போது ரத்தம் அதிகம் போய்விடாமல் இருக்க உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அதன் மறுபக்கம், கால் நரம்புகளில் ரத்தக்கட்டி உருவாகும் ஆபத்து. நார்மல் டெலிவரியைவிட சிசேரியனில் இந்த ஆபத்து சுமார் நான்கு மடங்கு அதிகம். காலில் உருவாகும் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. எழுந்து நடப்பதும், படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும் அதைத் தடுக்கும் எளிய வழிகள்.

எழுந்திருக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் பாதி வலி குறையும். மல்லாந்த நிலையில் இருந்து நேராக எழ முயலக் கூடாது. முதலில் முழங்காலை மடக்கி, ஒருபக்கமாகத் திரும்பிப் படுத்து, கையை ஊன்றி, காலைக் கட்டிலுக்குக் கீழே விட்டபடி எழ வேண்டும். இருமல், தும்மல், சிரிப்பு வரும்போது ஒரு தலையணையைத் தையல்மீது அணைத்துப் பிடித்துக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காது.

பால் வரவில்லையே...

சிசேரியன் ஆன தாய்க்குப் பால் சுரக்காது என்பது தவறான நம்பிக்கை. நஞ்சுக்கொடி வெளியே வந்தவுடனேயே பால் சுரப்பதற்கான ஹார்மோன் மாற்றம் தொடங்கிவிடும். அது நார்மலா, சிசேரியனா என்று உடம்பு பார்ப்பதில்லை. ஆனால், நிறைய பால் இறங்குவது சிலருக்கு ஒரு நாள் தாமதமாகலாம். அதுவரை சுரக்கும் சில சொட்டு மஞ்சள் நிற சீம்பாலே குழந்தையின் சின்ன வயிற்றுக்குப் போதுமானது. முடிந்தவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள், ஆபரேஷன் தியேட்டரிலோ வெளியே வந்ததுமோ, குழந்தையை மார்பில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இந்த இடைவெளியில்தான் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எல்லாம் உள்ளே வரும். இவற்றில் எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது நச்சுத்தொற்றை உண்டாக்கலாம். முதல் ஆறு மாதங்களுக்குத் தண்ணீரும் தேவையில்லை.

தையல்மீது குழந்தையின் எடை படாமல் பால் கொடுக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒருக்களித்துப் படுத்தபடி கொடுப்பது ஒன்று. உட்கார்ந்துகொண்டு, குழந்தையின் உடலைத் தாயின் கைக்கு அடியில், இடுப்புக்குப் பக்கவாட்டில் வைத்து, தலையைக் கையில் தாங்கிக் கொடுப்பது இன்னொன்று. வார்டில் இருக்கும்போதே நர்ஸிடம் கேட்டு இரண்டையும் பழகிக்கொள்வது நல்லது. ஒரு வாரம் ஆன குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்தால், பால் போதுகிறது என்று தைரியமாக இருக்கலாம்.

வீட்டுக்குக் கிளம்பும் நாள்

தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலும் மூன்று, நான்கு நாள்களிலும், அரசு மருத்துவமனைகளில் ஒரு வாரத்தை ஒட்டியும் டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். 2011-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் தாய்-சேய் பாதுகாப்புத் திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் சிசேரியன், மருந்து, பரிசோதனைகள், தேவைப்பட்டால் ரத்தம் எல்லாமே இலவசம். சிசேரியன் ஆன தாய்க்கு ஏழு நாள்கள்வரை உணவும் உண்டு. வீடு திரும்பவும் இலவச வாகனம் உண்டு. தமிழ்நாட்டில் அது '102' தாய் சேய் ஊர்தி. டிஸ்சார்ஜ் தேதி தெரிந்ததுமே வார்டில் சொல்லி வைத்துவிடுவது நல்லது.

வடசென்னைக்காரர்களுக்கு இது சாதாரண விஷயம் அல்ல. ராயபுரத்தில் இருந்து எண்ணூர் பத்து கிலோமீட்டருக்கும் மேல். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள், பள்ளம், வேகத்தடை. ஒவ்வொரு குலுக்கலும் தையலில்தான் தெரியும். பைக்கின் பின்சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்து, மடியில் குழந்தையுடன் போவது வேண்டவே வேண்டாம். ஆட்டோதான் கிடைக்கிறது என்றால், குழந்தையை வேறு ஒருவர் வைத்துக்கொள்ள, தாய் வயிற்றில் ஒரு தலையணையை அணைத்தபடி உட்கார்ந்து, மெதுவாக ஓட்டச் சொல்லலாம்.

கிளம்பும் முன்பு நான்கு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தையல் தானே கரைவதா, பிரிக்க வேண்டியதா? பிரிப்பதென்றால் என்றைக்கு? எந்த மாத்திரை எத்தனை நாள்? எதற்காக சிசேரியன் செய்தார்கள்? கடைசிக் கேள்வி அடுத்த பிரசவத்துக்கு மிக முக்கியம். டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

குடமும் மாடிப்படியும்

'ஆறு வாரத்துக்கு வெயிட் தூக்காதீங்க' என்று டாக்டர் சொல்வார். எவ்வளவு வெயிட்? குழந்தையின் எடைக்கு மேல் எதுவும் வேண்டாம் என்பதுதான் கணக்கு. பிறந்த குழந்தை சுமார் மூன்று கிலோ. ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைய தண்ணீர் பிடித்தால் 12 முதல் 15 கிலோ. அதாவது நான்கைந்து குழந்தைகளை ஒன்றாக இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறுவதற்குச் சமம். ஈரத்துணி நிறைந்த பக்கெட்டும், கேஸ் சிலிண்டரும், இடுப்பில் ஏறத் துடிக்கும் மூத்த குழந்தையும் இதே பட்டியல்தான்.

தெருக்குழாய், அடிபம்பு, தண்ணீர் லாரியை நம்பியிருக்கும் தெருக்களில் இந்த அறிவுரையைத் தாய் மட்டும் கடைப்பிடிக்க முடியாது. கணவரோ, மாமியாரோ, நாத்தனாரோ, பக்கத்து வீட்டு அக்காவோ, யார் தண்ணீர் பிடிப்பது என்று பிரசவத்துக்கு முன்பே பேசி முடிவு செய்துவிட வேண்டும். கணவர் ஷிஃப்ட் வேலையிலோ, கடலுக்குள்ளோ இருக்கும் நாள்களுக்கு மாற்று ஆள் யார் என்பதும் அந்தப் பேச்சில் வர வேண்டும்.

லிஃப்ட் இல்லாத ஹவுசிங் போர்டு வீட்டில் மூன்றாவது மாடியில் இருப்பவர்கள் படியேறுவது தவறில்லை. ஆனால், நிதானமாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். ஒரு நாளில் பலமுறை ஏறி இறங்குவதுதான் கூடாது. துவைப்பது, பெருக்குவது, தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பது, மீன் ஆய்வது எல்லாம் ஆறு வாரங்களுக்குத் தள்ளிப்போகட்டும். வீட்டுக்குள் நடப்பது, லேசான வேலைகள், குழந்தையைப் பார்த்துக்கொள்வது போதும். டூ வீலர் ஓட்டுவதையும் ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

தையலை எப்படிப் பார்த்துக்கொள்வது?

கட்டைப் பிரித்த பிறகு தினமும் குளிக்கலாம். தையல் இருக்கும் இடத்தைத் தேய்க்காமல், சோப்புத் தண்ணீர் வழிந்தோட விட்டு, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து உலரவிட வேண்டும். வயிறு மடிந்து தையலை மூடும் உடல்வாகு என்றால், அந்த மடிப்பில் வியர்வை தங்காமல் பார்த்துக்கொள்வது அவசியம். கடலோர ஊரின் புழுக்கத்தில் இது இன்னும் முக்கியம். காட்டன் உள்ளாடை, தளர்வான நைட்டி போதும். பாவாடை நாடா தையல்மீது இறுக்கக் கூடாது.

மஞ்சள், வேப்பிலை, எண்ணெய், பவுடர் எதையும் ஆறாத தையலில் பூச வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றில் சுடுதண்ணீரை வாரி அடித்துக் குளிப்பாட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சிசேரியன் ஆனவருக்கு அது ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் சாதாரணமாகக் குளித்தால் போதும். தழும்பைச் சுற்றி மரத்துப்போன உணர்வும் அரிப்பும் பல மாதங்கள் இருக்கலாம். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

பத்தியமும் ஒரு சொம்புத் தண்ணீரும்

"தண்ணி குடிச்சா தையல்ல சீழ் புடிச்சிக்கும்." வடசென்னையில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க ஆயாக்கள் சொல்லும் அறிவுரை இது. தாகம் எடுத்தாலும் நாலு மடக்குக்கு மேல் தராத வீடுகள் இன்றும் இருக்கின்றன.

சீழ் பிடிப்பது கிருமித்தொற்றால். குடிக்கும் தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உண்மையில் தண்ணீர் குறைந்தால்தான் சிக்கல். மலம் இறுகும், முக்கினால் தையல் வலிக்கும். சிறுநீர்த் தொற்று வரும். ஏற்கெனவே எளிதில் உறையும் தன்மையில் இருக்கும் ரத்தத்துக்கு நீர்ச்சத்துக் குறைவும், நாள் முழுக்கப் படுத்தே இருப்பதும் சேர்ந்தால், ரத்தக்கட்டி ஆபத்து கூடும். ஆக, 'தண்ணி குடிக்காதே, எழுந்திருக்காதே' என்று அன்போடு சொல்லும் இரண்டு அறிவுரைகளும் சிசேரியன் ஆனவருக்கு எதிராகவே வேலை செய்கின்றன. ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கட்டும்.

பத்தியச் சாப்பாட்டில் நல்லதும் உண்டு. பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், முருங்கைக்கீரை எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால், காய்கறி, பழம், பருப்பு, முட்டை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வெறும் ரசம் சாதம் போடுவதுதான் தவறு. முதல் ஆறு மாதங்கள் பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட தினமும் 600 கலோரி கூடுதலாகத் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். புண் ஆறுவதற்குப் புரதமும் வேண்டும்.

காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் புரதம் கூப்பிடும் தூரத்தில் கிடைக்கிறது. பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் சுறாப் புட்டு என்பது இங்கே எழுதப்படாத சட்டம். குட்டிச் சுறாவை எப்போதாவது ஒருமுறை சமைப்பதில் தவறில்லை. ஆனால், பெரிய சுறா, வஞ்சிரம் போன்ற மற்ற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால், பால் கொடுக்கும் தாய்மார்கள் அடிக்கடி சாப்பிட வேண்டாம். நெத்திலி, மத்தி, காரப்பொடி போன்ற சின்ன மீன்கள் விலையும் குறைவு. புரதமும் கால்சியமும் நிறைவு.

இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் பிரசவத்துக்குப் பிறகு 180 நாள்கள் தொடர வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. டீ, காபியுடனும் கூடாது. வீட்டுக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் நிறுத்துவது இந்த மாத்திரைகளைத்தான்.

முதுகு ஊசி... வயிறு கட்டுவது...

'முதுகுல ஊசி போட்டதுல இருந்து இடுப்பு வலி' என்று சொல்லாத தாய்மார்கள் குறைவு. ஊசி போட்ட இடத்தில் சில நாள்கள் வலி இருக்கலாம். ஆனால், வருடக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலிக்கு ஊசி காரணம் இல்லை என்பதையே ஆய்வுகள் காட்டுகின்றன. கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டு இணைப்புகள், பலம் இழந்த வயிற்றுத் தசை, கூன் போட்டு உட்கார்ந்து பால் கொடுப்பது, குனிந்து குழந்தையைத் தூக்குவது ஆகியவைதான் காரணங்கள். முதுகுக்கு ஒரு தலையணை, மடிக்கு ஒரு தலையணை வைத்துப் பால் கொடுத்தாலே பெரிய மாற்றம் தெரியும். ஆனால், உட்கார்ந்தால் மண்டையைப் பிளக்கும், படுத்தால் குறையும் தலைவலி முதல் சில நாள்களில் வந்தால், அது ஊசியின் பக்கவிளைவாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பழைய புடவையால் வயிற்றை இறுக்கிக் கட்டினால் தொப்பை போகாது. லேசான பெல்ட், நடக்கும்போது தையலுக்கு ஆதரவாக இருக்கும், வலி குறையும். டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்குவது தையலில் வியர்வையைத் தேக்கும், தொற்றுக்கு வழிவகுக்கும். தொப்பை குறைய நடையும், இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியும் போதும். வயிற்றுத் தசைக்கான கடினமான உடற்பயிற்சிகளை டாக்டர் சம்மதித்த பிறகு, மாதங்கள் கழித்து மெதுவாகத் தொடங்கலாம்.

மனசும் ஆற வேண்டும்

மூன்றாம், நான்காம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வரும். ஹார்மோன் சட்டெனக் குறைவதால் வருவது. இரண்டு வாரங்களுக்குள் சரியாகும். அதைத் தாண்டியும் தூக்கமின்மை, பசியின்மை, குழந்தையின்மீது ஒட்டுதல் இல்லாமை, 'நான் நல்ல அம்மா இல்லை' என்ற எண்ணம் தொடர்ந்தால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான கட்டுரை, 22 சதவிகிதத் தாய்மார்களுக்கு இது இருப்பதாகச் சொல்கிறது. ஐந்தில் ஒருவருக்கு! இது பிடிவாதமோ, பேய் பிடித்ததோ அல்ல. குணப்படுத்தக்கூடிய நோய். '14416' என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள்!

* ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைவது, எலுமிச்சை அளவுக்கு மேல் ரத்தக்கட்டிகள் வருவது

* 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் காய்ச்சல், குளிர் நடுக்கம்

* தையல் சிவந்து வீங்குவது, சீழ் அல்லது நீர் வடிவது, தையல் விலகுவது

* துர்நாற்றத்துடன் போக்கு

* ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்காலில் வலி

* திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி

* கடும் தலைவலி, கண் மங்குவது, வலிப்பு (பிரசவத்துக்கு முன்பு ரத்த அழுத்தம் இல்லாதவர்களுக்கும் பிறகு வரலாம்)

* சிறுநீர் போக முடியாமை, எரிச்சல்

* மார்பகம் சிவந்து, கட்டிப்போய், காய்ச்சலுடன் வலிப்பது

ரத்தப்போக்கு, மூச்சுத்திணறல், வலிப்பு என்றால் உடனே '108'. மற்றவற்றுக்கு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சந்தேகம் கேட்க '104' மருத்துவ உதவி எண் உண்டு. 'தீட்டு கழியட்டும், பதினாறு நாள் கழிச்சுப் போகலாம்' என்று தள்ளிப்போடும் நேரத்தில்தான் காப்பாற்றக்கூடிய உயிர்கள் கைநழுவுகின்றன.

வேலைக்கு எப்போது போகலாம்?

நிறுவன வேலையில் இருக்கும் பெண்களுக்கு, முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தலா 26 வாரங்கள் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு என்பது 2017 முதல் சட்டம். இ.எஸ்.ஐ. அட்டை இருக்கும் தொழிற்சாலைப் பெண்களுக்கு அந்தப் பணம் இ.எஸ்.ஐ. வழியாக வரும். முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாள்களுக்காவது சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவர்கள், தங்கள் பெயரில் சந்தா ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று கர்ப்பம் உறுதியானதுமே விசாரித்துவிடுவது நல்லது.

மீன் விற்கும், வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு இப்படி எந்த விடுப்பும் இல்லை. அவர்களுக்கு ஓரளவு கைகொடுப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பு. கர்ப்பத்தைப் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து 'பிக்மி' எண் வாங்கியிருந்தால்தான் பணம் தவணைகளில் வங்கிக் கணக்குக்கு வரும். அந்தத் தொகை கடனுக்கும் சீர்வரிசைக்கும் போகாமல், தாயின் ஆறு வார ஓய்வுக்கும் சாப்பாட்டுக்கும் போனால்தான் திட்டத்தின் நோக்கம் நிறைவேறும். மீன்கூடையைத் தலையில் ஏற்றுவதைக் குறைந்தது ஆறு வாரங்களாவது தள்ளிப்போட அது உதவும்.

ஆறாவது வாரம்... அடுத்த குழந்தை...

ஆறாவது வாரம், குழந்தைக்குத் தடுப்பூசி போட எல்லோரும் மறக்காமல் போவார்கள். தாயும் அதே நாளில் தன்னைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தையல், ரத்த அழுத்தம், ரத்தசோகை, மனநிலை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தவர்கள் மறுபடியும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டியது இந்தக் கட்டத்தில்தான். தாம்பத்யத்தையும் இந்தப் பரிசோதனைக்குப் பிறகு, அவளுக்கு விருப்பமும் வலியின்மையும் இருந்தால் தொடங்கலாம்.

பால் கொடுக்கும்வரை கர்ப்பம் ஆகாது என்று நம்பி ஏமாற வேண்டாம். கர்ப்பப்பைத் தழும்பு உறுதியாக, அடுத்த கர்ப்பத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளாவது இடைவெளி தேவை. ஒருமுறை சிசேரியன் என்றால் அடுத்ததும் சிசேரியன்தான் என்பது கட்டாயமில்லை. முதல் சிசேரியனுக்கான காரணம், தழும்பு இருக்கும் விதம், இடைவெளி ஆகியவற்றைப் பொறுத்து, அவசர ஆபரேஷன் வசதியுள்ள மருத்துவமனையில் நார்மலுக்கு முயலலாம். ஆனால், சிசேரியன்களின் எண்ணிக்கை கூடக் கூட, நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் கூடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

டிஸ்சார்ஜுக்கு முன்பே இவற்றைப் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

* 42 நாள்களுக்குத் தண்ணீர் பிடிப்பது, துணி துவைப்பது யார்?

* ராத்திரியில் குழந்தையைத் தூக்கித் தாயிடம் கொடுப்பது, ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது யார்?

* மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார்?

* பகலில் அவள் தொடர்ந்து இரண்டு மணி நேரம் தூங்குவதற்கு எந்த நேரம்?

* நள்ளிரவில் அவசரம் என்றால் கூட வருவது யார், போகும் மருத்துவமனை எது?

இந்த ஐந்து கேள்விகளுக்கும் ஒவ்வொரு பெயர் இருந்தால், சிசேரியன் ஆன பெண் ஆறு வாரங்களில் தேறிவிடுவாள். எல்லாவற்றுக்கும் அவள் பெயரே பதிலாக இருந்தால், எந்த லேகியமும் அவளைத் தேற்றாது.